ஒரு மூச்சுக்கு எத்தனை

ஜனவரி 20, திங்கள்

வருடம் முழுக்க ஒரு நாள் விடாமல் எழுதுவேன் என்று ஜம்பமாகத் தொடங்கி, பொங்கலோடு மறந்துபோன நோட்டு இது. இன்று மறுபடி எடுத்தேன்.

அங்கன்வாடியில் எடை நாள். இருபத்திமூன்று பிள்ளைகளில் பத்தொன்பது பேர் வந்தார்கள். ஆன்றோ எடை மிஷினில் ஏறமாட்டேன் என்று என் சேலையைப் பிடித்துக்கொண்டு ஊரைக் கூட்டினான். பத்து கிலோ எண்ணூறு. பதினொன்று என்று எழுதினேன். குறைவாக எழுதினால் சூப்பர்வைசர் வந்து என்னைத்தான் காய்ச்சுவாள். இதை நான் பொய் என்று நினைப்பதில்லை. அடுத்த மாதம் பிள்ளை எப்படியும் எட்டிவிடும் எடையை இந்த மாதமே எழுதுகிறேன், அவ்வளவுதான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், என் வீட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். இவர் பெயர் ரெமிஜியுஸ், ஊருக்கு ரெமி. கடலில் மூழ்கிச் சங்கு எடுக்கிறவர். எந்தப் பள்ளத்துக்கும் அஞ்சாத மனுஷர், "தரையில நடந்தா பஞ்சு மேல நடக்க மாதிரி இருக்கு பிள்ள" என்றார். ஞானஸ்நான வீட்டுப் பிரியாணியில் வயிறு கெட்டுப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகிறது. அந்த அசதியாக இருக்கும். கஞ்சி வைத்துக் கொடுத்தேன்.

ஜனவரி 21, செவ்வாய்

காலையில் கழிப்பறையிலிருந்து எழுந்திருக்க முடியாமல் கூப்பிட்டார். முதலில் சிரித்தேன். பிறகு இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கினேன்.

வள்ளத்தில் இவரோடு போகும் கஸ்பார் வந்து பார்த்தான். "மைனி, இது ஆழத்து நோவுதான். கீழ இருந்து வெரசா மேல வந்தா காலு இப்பிடித்தான் வெலங்காமப் போவும். நாளைக்கிப் பத்துப் பாகம் ஆழத்துல இறக்கி வச்சி, மெதுவா மெதுவா தூக்குனா சரியாயிரும். எங்க சித்தப்பாவுக்கு நான் பார்த்திருக்கேன்" என்றான். சங்குகுளிக்காரர் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது.

ஜனவரி 22, புதன்

எழுத்து கோணலாகப் போகிறது.

ஐந்து மணிக்கு வள்ளத்தில் தூக்கி வைத்துக்கொண்டு போனார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கீழே மூழ்குகிறவனுக்கு மேலே கயிறு பிடித்து நிற்பது மச்சினனாக இருக்க வேண்டும். தங்கச்சியின் தாலியே அவன் கையில் இருப்பதால் அசந்து நிற்கமாட்டான் என்று பெரியவர்கள் வைத்த கணக்கு. இவருக்குப் பதினோரு வருடம் என் அண்ணன் அருளப்பன்தான் பிடித்தான். அவன் போன பிறகு கஸ்பார் பிடிக்கிறான்.

ஒன்பது மணிக்குத் திரும்பிவிட்டார்கள். கஸ்பார் முகம் வெளிறிப்போயிருந்தது. தண்ணீரில் இறக்கினதும் இவர் கையிலிருந்து கயிறு நழுவியிருக்கிறது. பிடிக்கத் தெரியாமல் இல்லை, விரல் மடங்கவில்லை. கஸ்பார் குதித்து முடியைப் பிடித்து இழுத்துவந்திருக்கிறான். "மைனி, கையும் போயிட்டு" என்று சொல்லிவிட்டு மணலிலேயே உட்கார்ந்துவிட்டான். ஆம்புலன்ஸ் பிடித்து பெரியாஸ்பத்திரிக்கு வந்தோம்.

ஜனவரி 23, வியாழன்

நரம்பு டாக்டர் பெயர் வடிவு. என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். வந்ததும் மருந்து எழுதவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒரே கேள்விதான் கேட்டாள்.

"இவுக கடைசியா என்னைக்குக் கடல்ல முங்குனாவ?"

நானும் கஸ்பாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வயிறு கெட்ட நாளிலிருந்து இவர் முங்கவே இல்லை. பதிமூன்று நாள். ஆழத்து நோவு என்றால் மேலே வந்த அன்றைக்கே தெரிந்துவிடும். அது எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தும் ஒருத்தருக்கும் நாளை எண்ணிப் பார்க்கத் தோன்றவில்லை. ஒன்றரை நாளை வீணாக்கியதும் போதாதென்று ஆளையே கடலில் விட்டிருப்போம்.

டாக்டர் ரப்பர் சுத்தியலால் முட்டிக்குக் கீழே தட்டினாள். கால் அசையவில்லை. குதிகால், முழங்கை, மணிக்கட்டு என்று எங்கே தட்டினாலும் மரக்கட்டையைத் தட்டுவதுபோல இருந்தது. பிறகு நரம்பில் கரண்டு விட்டுப் பார்க்கும் டெஸ்ட். முதுகெலும்பில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். மத்தியானத்துக்குள் பெயர் சொல்லிவிட்டாள். கில்லன் பாரி.

"அக்கா, வயித்தால போச்சுல்லா, அந்தக் கிருமிய அடிக்க ஒடம்பு ஒரு படைய அனுப்பிச்சு. கிருமி செத்துட்டு. படை வீட்டுக்குத் திரும்பல. நரம்பு மேல உள்ள உறையப் பார்த்து, இதுவும் கிருமிதான்னு அரிச்சிக்கிட்டு இருக்கு."

"நிக்குமா?"

"நிக்கும். ஆனா நிக்கறதுக்கு முன்னால எதுவரைக்கும் ஏறும்னு சொல்ல முடியாது. கால்ல தொடங்கி கைக்கு வந்துட்டு. அடுத்தது மூச்சு."

எத்தனையோ ஆயிரம் பேர் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்த மருந்தாம். ஐந்து நாள், பாட்டில் பாட்டிலாக ஏற்ற வேண்டும். முதல் பாட்டில் இன்றே தொடங்கிவிட்டது. ஏற்றினதும் எழுந்து உட்கார்ந்துவிடமாட்டார், இன்னும் ஒரு வாரம் இறங்கிவிட்டுத்தான் ஏறுவார், பயப்படாதீர்கள் என்றாள். இதைக் கேட்டு யார் பயப்படாமல் இருப்பார்கள்?

மூச்சை அளக்க ஒரு குழாய் இருக்கிறது. அதில் ஊதச் சொன்னால் இவருக்கு உதடு சேரவில்லை, ஓரத்தில் காற்று போய்விடுகிறது. அதனால் எண்ணச் சொன்னாள். ஆழமாக மூச்சு இழுத்து, அதை விடுகிறபோதே ஒன்று இரண்டு என்று சத்தமாக எண்ண வேண்டும். நடுவில் மூச்சு வாங்கக் கூடாது. இவர் ஐம்பத்திரண்டு வரை போனார். வார்டே திரும்பிப் பார்த்தது.

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மத்தவங்க முப்பது தொட்டாலே பெருசு" என்றவள், சட்டென்று சிரிப்பை நிறுத்திவிட்டாள். "மத்தவங்களுக்கு இருபதுக்குக் கீழ போனா பயப்படணும். இவுக முங்குற ஆளு, இவுகளுக்கு அந்தக் கணக்கு செல்லாது. பாதியா இருபத்தாறு வந்தாலே ஐ.சி.யூ. எவ்வளவு வேகமா குறையுதுங்கிறதுதான் முக்கியம். ரெண்டு மணிக்கு ஒருக்கா எண்ணி இந்தத் தாள்ல எழுதுங்க. சிஸ்டர் ஒராளு, கட்டிலு நாப்பது. உங்களத்தான் நம்பியிருக்கேன்."

"அதெல்லாம் நான் நல்லா எழுதுவேன். பதினாலு வருசமா ரெஜிஸ்டர்தான் எழுதுதேன்" என்றேன்.

ஜனவரி 24, வெள்ளி

காலை 50. மதியம் 49. மாலை 47.

கஞ்சி வாயோரத்தில் வழிகிறது. துடைத்துவிட்டால் வெட்கப்பட்டு முகத்தைத் திருப்புகிறார். கல்யாணமான புதிதில்கூட இப்படி வெட்கப்பட்டதில்லை.

ஜனவரி 25, சனி

பயமாக இருக்கிறது. வெறும் பயம்.

எதிர்க் கட்டிலில் இருந்த பெரியவரை நேற்று ஐ.சி.யூ.வுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். இன்று காலை அவர் மகள் வந்து தட்டையும் டம்ளரையும் பையில் போட்டுக்கொண்டு போனாள். அவருக்கு வேறு வியாதி என்றாள் சிஸ்டர். இருக்கலாம்.

கொரோனா நேரத்தில் அண்ணன் அருளப்பனுக்கு மூச்சு மெஷின் வைக்கக் கையெழுத்துப் போட்டது நான்தான். அண்ணி கைக்குழந்தையோடு வீட்டில் இருந்தாள். உள்ளே போகும்போது அண்ணன் பேசிக்கொண்டுதான் போனான். வாசலில் நின்று, "அழாத, நாளைக்கி வந்துருவேன்" என்றான். அதற்குப் பிறகு அவன் சத்தத்தை நான் கேட்கவில்லை. இதை இதுவரை எந்த நோட்டிலும் எழுதினதில்லை. இப்போது எதற்கு எழுதுகிறேன் என்றும் தெரியவில்லை.

மாலை எண்ணும்போது இவருக்கு நடுவில் இருமல் வந்துவிட்டது. இருமல் இல்லாவிட்டால் இன்னும் நாலைந்து போயிருப்பார். அதையும் சேர்த்து 46.

ஜனவரி 26, ஞாயிறு

காலை 46. மதியம் 45. மாலை 45. பூசைக்குப் போகவில்லை.

லீவு நாள் ஆனதால் வேறு டாக்டர் வந்தார். தாளைப் பார்த்துவிட்டு, "நல்லா நிக்குதேம்மா" என்று அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். நல்ல வார்த்தை கேட்டு எத்தனை நாள் ஆகிறது. கட்டிலோரத்தில் உட்கார்ந்து இரண்டு இட்லி சாப்பிட்டேன்.

இவருக்கு இமை மூடவில்லை. தூங்கும்போதும் கண் திறந்தே இருக்கிறது. சிஸ்டர் சொல்லிக்கொடுத்தபடி சொட்டு மருந்து விட்டு, இமையை இறக்கிப் பிளாஸ்திரி ஒட்டினேன். ஒட்டும்போது என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜனவரி 27, திங்கள்

ஒன்றுமே எழுதத் தோன்றவில்லை. நாளைக்கு எழுதுகிறேன்.

ஜனவரி 28, செவ்வாய்

ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். நேற்று நடந்ததை எழுதாமல் விட்டால் பைத்தியம் பிடித்துவிடும்.

முதலில் இது. சனி மாலை 46 இல்லை. 39. இருமலெல்லாம் வரவில்லை. ஞாயிறு காலை 37, மதியம் 34, மாலை 31. தாளில் மட்டுமா பொய் எழுதினேன், யாரும் பார்க்காத இந்த நோட்டிலும் எழுதியிருக்கிறேன். மருந்து வேலை செய்யத் தொடங்கினதும் எப்படியும் ஏறிவிடும், நாளைக்கு வரப்போகிற எண்ணை இன்றைக்கு எழுதினால் என்ன என்று நினைத்தேன். குறைத்து எழுதினால் உள்ளே கொண்டுபோய்விடுவார்கள். உள்ளே போனால் மெஷின். மெஷின் வைத்தால் திரும்பி வரமாட்டார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இருபத்தாறுக்கு இன்னும் இருக்கிறது, அதற்குள் ஏறிவிடும், ஏறிவிடும் என்று ஜெபமாலை உருட்டுவதுபோல் உருட்டிக்கொண்டிருந்தேன்.

நேற்றுக் காலை டாக்டர் வடிவு வந்து தானே எண்ணச் சொன்னாள். இவர் இருபத்தெட்டில் நின்றுவிட்டார். அவள் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ராத்திரி நாப்பத்துநாலுன்னு போட்டிருக்கு?"

"இப்பதான் முழிச்சாவ டாக்டர். தூக்கக் கலக்கம்."

வாய் கூசாமல் சொன்னேன். அவள் இவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். தலையைத் தூக்கச் சொன்னாள், தூக்க வரவில்லை. "ஓ.பி.ய முடிச்சிட்டு மூணு மணிக்கு நானே வந்து எண்ணுதேன். நடுவுல இருபத்தெட்டுக்குக் கீழ போனா யாரையும் கேக்காதீங்க, என் நம்பருக்கு அடிங்க" என்று சொல்லிப் போனாள். மேலே ஐ.சி.யூ.வில் ஒரு கட்டிலைப் பிடித்துவைக்கச் சொன்னதும் காதில் விழுந்தது. ஒரு போன் அடிக்க எனக்குக் கை வரவில்லை.

பத்து மணிக்கு 26. பன்னிரண்டு மணிக்கு 22. இரண்டு மணிக்கு எண்ணச் சொன்னபோது இவர் நெற்றி முழுக்க வியர்வை. ஒன்று இரண்டு சொல்வதற்கே தோள்பட்டை மேலே மேலே ஏறியது. பதினாலில் நின்றுவிட்டது. நான் பேனாவை எடுத்தேன். என்ன எழுத என்று யோசித்தேன். ஆமாம், அந்த நேரத்திலும் அதைத்தான் யோசித்தேன். முப்பத்திரண்டு என்று போடலாமா, முப்பதா?

இவர் ஏதோ சொன்னார். குரல் மூக்கு வழியாகத்தான் வருகிறது. காதைக் கிட்டே கொண்டுபோனேன்.

"பிலோமி... கயத்த இழு."

கீழே மூச்சு முட்டினால் மூழ்கினவன் கயிற்றைச் சுண்டுவான், உடனே மேலே இழுக்க வேண்டும். மேலே நிற்கிறவன் கேள்வி கேட்கக் கூடாது, யோசிக்கக் கூடாது. அதற்காகத்தானே மச்சினனை நிறுத்துகிறார்கள். இவர் என்னிடம் கேட்டுவிட்டார். நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

ஓடினேன். செருப்பு ஒரு பக்கம் போயிற்று. நோயாளி வரிசையை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓ.பி. அறைக்குள் போய், "பதினாலு டாக்டர், பதினாலுதான், நான் பொய் எழுதிட்டேன், சனிக்கிழமையில இருந்து எல்லாம் பொய்" என்று கத்தினேன். அவள் எழுந்து எனக்கு முன்னால் ஓடினாள்.

கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனார்கள். லிப்டில் இவர் உதடு நீலமாகிவிட்டது. ஐ.சி.யூ. வாசலில் காகிதத்தை நீட்டினார்கள். அதே மாதிரிக் காகிதம், கீழே அதே மாதிரிக் கோடு. என் கை கையெழுத்தை மறந்துவிட்டது. "அக்கா, இப்ப" என்றாள் டாக்டர். பிலோமினா என்று முழுப் பெயரையும் பிள்ளைகள் எழுதுவதுபோல் எழுத்துக் கூட்டி எழுதினேன்.

அண்ணனாவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனான். இவர் அதுவும் சொல்லவில்லை.

ஜனவரி 29, புதன்

டாக்டர் வெளியே வந்து என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள். திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

"ஞாயித்துக்கெழமையே தெரிஞ்சிருந்தா, பதறாம, நல்லா மூச்சு இருக்கப்பவே குழாய வச்சிருப்பேன். இது கடைசி நிமிசத்துல வச்சது. நடுவுல நாடி நாப்பதுக்கு வந்துட்டு. இன்னும் பத்து நிமிசம் போயிருந்தா என்னால ஒண்ணும் செய்ய முடிஞ்சிருக்காது."

நான் அழவில்லை. அழுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை?

"காலையில இருபத்தெட்டுக் கேட்டதும் நானும் அசந்துட்டேன். அங்கயே நின்னிருக்கணும். ஓ.பி.ல நூறு பேருன்னு போயிட்டேன்" என்றாள். பிறகு கேட்டாள், "ஏன்க்கா?"

அண்ணனைப் பற்றிச் சொன்னேன். முழுதும் கேட்டாள்.

"அண்ணனுக்கு நுரையீரலே போயிருக்கும். இவுகளுக்கு நுரையீரல் நல்லாருக்கு, அத இழுக்குற தசைக்குத்தான் சேதி போகல. மெஷின் கொஞ்ச நாளைக்கி அந்த வேலைய மட்டும் பாக்கும்."

"வந்துருவாவளா?"

"பெரும்பாலும் வந்துருவாங்க" என்றாள். பெரும்பாலும் என்ற வார்த்தையை விட்டுவிட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் என்னைப் போல் இல்லை.

பிப்ரவரி 1, சனி

ரத்த அழுத்தம் காலையில் இருநூறு, மத்தியானம் எண்பது. நரம்பு கெட்டால் அதுவும் இப்படி ஆடுமாம்.

பிப்ரவரி 4, செவ்வாய்

பத்து நிமிடம் உள்ளே விடுகிறார்கள். கண்ணைத் தவிர ஒன்றும் அசையவில்லை, அதற்கும் பிளாஸ்திரி. வாயில் குழாய். நினைவு முழுக்க இருக்கிறது, காதும் கேட்கிறது என்கிறார்கள். அதுதான் எனக்குப் பெரிய பயமாக இருக்கிறது. உயிரோடு சுவருக்குள் வைத்துப் பூசினது போல் கிடக்கிற ஆளிடம் என்னத்தைப் பேச? தெருவில் தண்ணீர் லாரி வராததை, ஆன்றோ விழுந்து பல்லை உடைத்துக்கொண்டதை, கஸ்பார் நான்கு நாளாகக் கடலுக்குப் போகாமல் ஆஸ்பத்திரி வாசலில் பீடி குடித்துக்கொண்டு நிற்பதைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தினமும் போகிறேன். தண்ணீர் லாரிக்கு மேல் பேச்சு நகரவில்லை.

இரண்டு வாரத்துக்குள் குழாயை எடுக்க முடியாவிட்டால் கழுத்தில் துளை போட்டு வைப்பார்களாம். அதற்கும் ஒரு காகிதம் தருவார்கள். போடுவேன். எதுவானாலும் போடுவேன்.

பிப்ரவரி 6, வியாழன்

தலையைத் தலையணையிலிருந்து தூக்கினார்! இரண்டு விரல் உயரம். டாக்டர் மூன்று தரம் தூக்கச் சொன்னாள், மூன்று தரமும் தூக்கினார். கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் கூட்டாளிகளாம், ஒன்று திரும்பினால் மற்றதும் பின்னாலேயே வருமாம். மெஷினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறார்கள்.

சந்தோஷப்படக்கூடப் பயமாக இருக்கிறது. கஸ்பாரிடம் மட்டும் சொன்னேன். அவன் ஓவென்று அழுதுவிட்டான், நான்தான் அவனைத் தேற்ற வேண்டியதாயிற்று.

பிப்ரவரி 8, சனி

காலை பத்தேகாலுக்குக் குழாயை எடுத்தார்கள். என்னை வெளியே நிற்கவைத்துவிட்டார்கள். கதவில் இருக்கும் கண்ணாடிச் சதுரத்தில் டாக்டரின் முதுகு மட்டும் தெரிந்தது. மறுபடி குழாய் வைக்கும்படி ஆகலாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தாள். முக்கால் மணி நேரம் நான் எந்த ஜெபமும் சொல்லவில்லை. சொல்ல வரவில்லை.

பதினொன்றுக்குக் கூப்பிட்டார்கள். முகம் இளைத்து, தாடி வளர்ந்து, யாரோ மாதிரி இருந்தார். ஆனால் மூச்சு இவருடையது. நெஞ்சு தானாக ஏறி இறங்கியது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

டாக்டர் ஒரு புதுத் தாளை என்னிடம் நீட்டினாள். நான் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"எனக்கு வேண்டாம் டாக்டர். சிஸ்டர எழுதச் சொல்லுங்க."

"சிஸ்டரும் எழுதுவாங்க, நானும் எண்ணுவேன். நீங்களும் எழுதுங்க" என்று கையில் திணித்துவிட்டுக் கட்டிலின் மறுபக்கம் போய் நின்றுகொண்டாள்.

இவர் மூச்சு இழுத்தார். குரல் வரவில்லை, மணலில் கயிறு இழுபடுகிற சத்தம்தான் வந்தது. ஒண்ணு. ரெண்டு. மூணு. ஒவ்வொன்றுக்கும் என் உதடும் அசைந்தது. ஏழில் தடுமாறி, எட்டைப் பிடித்து, ஒன்பதில் நின்றுவிட்டார். ஐம்பத்திரண்டு எண்ணிய மனுஷர்.

பேனாவை வைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் இவர் ஏதோ முணுமுணுத்தார். குனிந்தேன்.

"இருபதுன்னு போட்டுக்க பிள்ள. நீ வழக்கமா கூட்டித்தான போடுவ."

ஒவ்வொரு தரமும் தன் வாயால் எண்ணினவர் அவர்தானே. நான் என்ன எழுதுகிறேன் என்று கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

"தெரிஞ்சா ஏன் டாக்டர்ட்ட சொல்லல?"

மூச்சு சேர்த்துக்கொள்ள வெகுநேரம் ஆயிற்று. "நீ பயந்துட்டு இருந்தல்லா" என்றார்.

தாளில் கண்ணீர் விழுந்து மை கலைந்துவிட்டது. டாக்டரிடம் வேறு தாள் வாங்கி, தேதி போட்டு, நேரம் போட்டு, 9 என்று எழுதினேன்.